மாப்பிள்ளை விசாரிக்கப் போய்ப் பார்த்த படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். பேனையை எடுப்பதும் வைப்பதுமாகவே காலம் போய்விட்டது. கோயில் மலரில் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். இரண்டும் முருகனைப் பற்றியவை. வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் படிக்கிற ஆள் ஒரு சினிமாவைப் பற்றி, அதுவும் வெள்ளைக்காரரின் துப்பறியும் படத்தைப் பற்றி எழுதினால் சனம் என்ன நினைக்கும் என்ற கூச்சம் ஒரு பக்கம். இதில் வருகிறவர்கள் என் தங்கையும் அவளுடைய கணவரும் என்பது மற்றப் பக்கம். அவர்கள் இருவரும் இப்போது "எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு கடையில் நிற்க வந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இராது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் வோபர்ன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் நானும் மனைவியும் பிள்ளைகளும் தங்கையும் இருந்தோம். நான் பகலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குவேன். பின்னேரம் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் கந்தோர்கள், அதாவது ஒபிசுகள், துப்புரவாக்கப் போவேன். தங்கை பிஸ்கற் செய்கிற இடமொன்றில் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கொழும்பில் காத்திருந்து, பிறகு இங்கே வந்து, ஒன்று மாறி ஒன்றாக வருடங்கள் போய்விட்டன.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாணப் பேச்சுக்கால் வந்து, சாதகமும் பொருந்திவிட்டால், அடுத்த வேலை விசாரிப்பது. ஊரில் அது லேசு. அடுத்த ஒழுங்கைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்தால் மாப்பிள்ளையின் பாட்டன் காலத்துக் கதை வரைக்கும் தானாக வரும். இங்கே ஒருவர் பேஸ்மென்றில் இருப்பார், ஒருவர் பதினைந்தாம் மாடியில் இருப்பார். யார் எப்படி என்று யாருக்குத் தெரியும்? அதனால் ரெலிபோனில் விசாரிப்போம். லண்டனில் ஒருவருக்கு எடுப்போம். அவர் பாரிசில் ஒருவரைக் கேட்பார். பாரிஸ்காரர், "உங்கடை கட்டடத்திலையே இன்னார் இருக்கிறார், அவரைக் கேளுங்கோ" என்று சொல்லி வைப்பார்.

அதற்கு முதல் வருடமும் தங்கைக்கு ஒரு பேச்சுக்கால் வந்தது. எல்லாம் சரிவந்து, கூறைச்சேலை வாங்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை பகுதி திடீரென்று கதையை விட்டுவிட்டது. தங்கைக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்மா வருத்தம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்குச் சளித் தடிமன்கூட அடிக்கடி வராது. அவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தங்கை அன்றைக்குப் பிறகு கோயிலில் சனக்கூட்டத்துக்குள் நிற்கமாட்டாள். சுவரோடு ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் இந்த மாப்பிள்ளையின் கதை வந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. தகப்பன் இல்லை, தாய் ஊரில். மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்றில் வேறு இரண்டு பெடியளோடு இருந்தார். காருக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இங்கே இருந்த தாய்மாமன்தான் பேசினார். வழக்கம்போல இரண்டு பகுதியும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்தோம். மாப்பிள்ளை அதிகம் கதைக்கவில்லை. கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டு, இன்னொரு தரமும் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் தங்கை, "பாவம், பசியோடை வந்திருக்கிறார்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்.

ஆடி பிறக்க முதல் முடிவு சொல்லுவதாக ஒழுங்கு. ஆடியில் நல்ல காரியம் கதைக்கமாட்டோம் அல்லவா. அதற்குள் ஒரு போன் வந்தது.

"அண்ணை, நான் ஆர் எண்டு கேக்காதேங்கோ. உங்கடை நன்மைக்குச் சொல்லுறன். அந்தப் பெடியன் ஞாயிற்றுக்கிழமையிலை எங்கை போறவன் எண்டு விசாரிச்சனீங்களோ? டவுன்ரவுனிலை ஒரு வெள்ளைக்காரியோடை குடும்பம். பிள்ளையும் இருக்கு."

வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையோடு இருக்கிற பெடியனை ஒரு சாட்டு வைத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஞாயிறோ? அவர் ஓவர்ரைம் அண்ணை, ஒவ்வொரு ஞாயிறும் போவார்" என்றான். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் கட்டடத்தில் இருந்தார். அவரைக் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமையோ? அண்டைக்கு அங்கை பூட்டெல்லோ" என்றார்.

மனைவி சொன்னா, "இஞ்சாருங்கோ, நேரை அந்தப் பெடியனையே கேளுங்கோவன்."

"கேட்டால் ஓம் எண்டு சொல்லுவானோ? உனக்கு விசரே?"

நாங்கள் குசினியில் மெதுவாகத்தான் கதைத்தோம். ஆனால் அந்த வீட்டில் மெதுவாகக் கதைக்க இடம் இல்லை. தங்கை வந்து கதவடியில் நின்றாள்.

"அண்ணா, போனிலை கேட்ட உடனை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. என்னையும் அப்பிடித்தானே விட்டவை. போய் உங்கடை கண்ணாலை பாத்திட்டு வாங்கோ. குடும்பம் இருந்தால் இருக்கு எண்டு சொல்லுங்கோ, தாங்குவன். ஆனா இதுவும் ஆரோ ஒராளின்ரை வாயாலை குழம்பினால், இனி எனக்கு ஒருத்தரையும் பாக்க வேண்டாம். இப்பிடியே இருந்திட்டுப் போறன்."

அப்படித்தான் நான் துப்பறியப் போனேன்.

அடுத்த ஞாயிறு காலை குளித்து, சாமி கும்பிட்டு, வெளிக்கிட்டேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மூண்டு குறித் திருநீற்றோடை போற சிஐடியை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். நெத்தியைத் துடைச்சுக்கொண்டு போங்கோ, தூரத்திலையே தெரியும்."

திருநீற்றை அழித்துவிட்டு இன்னொருவன் வாழ்க்கையை வேவு பார்க்கப் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மகனுடைய பேஸ்போல் தொப்பியை எடுத்துப் போட்டேன். அது தலையில் பாதி வரைதான் இறங்கியது. முகத்தை மறைக்க அந்தக் கிழமைத் தமிழ்ப் பேப்பர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மில்லிக்கனில் மாப்பிள்ளையின் வீட்டுக்கு எதிரே ஒரு பிளாசா. அங்கே கோப்பிக் கடையில் கண்ணாடியோரம் இருந்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி மாப்பிள்ளை வந்தார். தலை வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கையில் ஒரு சின்னப் பை. ஓவர்ரைமுக்குப் போகிறவன் இப்படியா வெளிக்கிடுவான் என்று எனக்கு இன்னும் கவலை கூடிற்று. அவர் பஸ்ஸில் பின்னுக்குப் போய் இருந்தார். நான் கடைசியாக ஏறி முன் சீற்றில் இருந்து பேப்பரை விரித்துப் பிடித்தேன். பிறகு சப்வே. அவர் ஒரு பெட்டி, நான் அடுத்த பெட்டி. ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பிறகு தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார். வழி முழுக்கக் கந்தசஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெளிவில்லை. அவள் சிரித்த சிரிப்பு பொய்யாகப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை இறங்கிய இடத்தில் ஒரு பழைய தியேட்டர் இருந்தது. வாசலில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரி. இவரைக் கண்டதும் அந்த மனுசி எழும்பிச் சிரித்தா. இவரும் சிரித்தார். ஏதோ கதைத்தார்கள். ரிக்கற் ஒன்றும் வாங்காமலே இவர் உள்ளே போனார். போன் எடுத்தவர் சொன்னது சரிதான், சொந்த வீட்டுக்குள் போகிறவன்போலப் போகிறானே என்று நினைத்தேன். திரும்பி வரவும் மனம் இல்லை. ஒரு ரிக்கற் வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

உள்ளே இருட்டு. படம் தொடங்கிவிட்டது. பெரிய தியேட்டருக்குள் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மாப்பிள்ளை நடுவில் தனியாக இருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். திரையில் பாதி தெரியவில்லை. தெரிந்த பாதியில், கறுப்பு வெள்ளையில், ஒரு மழைத் தெருவில், ஒரு கொழுத்த மனிதர் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மதிலுக்குப் பின்னால் ஒளித்து நின்று ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறிகிறவர் என்று பார்த்த உடனே விளங்கிவிட்டது. மூச்சுக் காட்டாமல் நிற்கிறார். வீட்டுக் கதவு திறக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். வீட்டில் இருந்து வந்தவர் ஓடவும் இல்லை, சுடவும் இல்லை. வந்து, மூக்கைத் துடைக்க ஒரு கைலேஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அடக்க முடியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை திரும்பாமலே சொன்னார், "அண்ணை, முன்னுக்கு வாங்கோ. அங்கை தூண் மறைக்கும்."

எழும்பி ஓடலாம் என்றும் வந்தது. பிறகு, ஒரு கள்ளனைப்போல அந்த இருட்டுக்குள் நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எப்ப கண்டனீர் தம்பி?"

"பஸ்ஸிலையே. தமிழ்ப் பேப்பர் பிடிச்சுக்கொண்டு இருந்தது நீங்கள் ஒராள்தான். அதையும் தலைகீழாப் பிடிச்சிருந்தியள்."

"பேந்து ஏன் பேசாமல் வந்தனீர்?"

"இறங்கிப் போயிடுவியள் எண்டு நினைச்சன். சப்வேயிலையும் வந்தியள். சரி, படம் பாக்க வாறார் எண்டு விட்டிட்டன்." பையில் இருந்து வறுத்த கச்சான் கடலை எடுத்து என் கையில் கொட்டினார். "ஆறுதலாப் பாருங்கோ. முடியக் கதைப்பம்."

எனக்கு இங்கிலீஷ் கடையில் பெட்டி இறக்கும் அளவுக்குத்தான். அவர் காதோடு காதாக ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இப்படித்தான் அந்தப் படம் எனக்குக் கிடைத்தது.

ஒரு தாய் இந்தத் துப்பறிகிறவரிடம் வந்து, காணாமல் போன தன் மகனைத் தேடித்தரச் சொல்லுகிறா. இவருக்கு லிப்ட் என்றால் பயம். கதவு மூடினால் மூச்சு முட்டும். அதனால் எந்த உயரக் கட்டடமாக இருந்தாலும் படியால்தான் ஏறுவார். இளைத்து இளைத்து மேலே போய்ச் சேருவதற்குள் தேடிப்போன ஆள் போய்விடுவார். பொலிஸ் வந்து போயிருக்கும். பேப்பர்காரரும் வந்து போயிருப்பார்கள். மிஞ்சி இருப்பது நிலம் துடைக்கிற மனுசியோ, காது கேளாத ஒரு கிழவரோ, கட்டிப்போட்ட நாயோதான். இவர் அவர்களோடு இருந்து கதைப்பார். அவர்கள் கொடுக்கிறதைச் சாப்பிடுவார். நிலம் துடைக்கிற மனுசி தன்னுடைய வாளியைக் கவிழ்த்து இவரை அதன்மேல் இருக்கச் சொன்ன இடத்தில் எனக்கு ஏனோ கண் கலங்கியது. நான் துடைக்கிற கந்தோரில் என்னோடு அப்படி இருந்து கதைத்த ஆளை நான் கண்டதில்லை.

ஆனால் அவர்கள் சொல்லுவது பாதிக்கு மேல் பொய். எனக்கே தெரிந்தது.

"தம்பி, இந்த மனிசி புளுகுது."

"ஓம் அண்ணை. அவனுக்கும் தெரியும்."

"பேந்து ஏன் தலையை ஆட்டிக் கேக்கிறான்?"

"பொய்யும் ஒரு பக்கத்தைக் காட்டும்தானே. அவன் அந்தப் பக்கம் போய்ப் பாக்கிறான்."

"சரி, ஆர் கள்ளன்?"

"கள்ளன் எண்டு ஒருத்தரும் இல்லை."

"கொலை?"

"கொலையும் இல்லை."

"கொலையும் இல்லாமல் கள்ளனும் இல்லாமல் இதென்ன துப்பறியிற படம்?"

முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் நான் ஏன் அங்கே வந்தேன் என்பதையே மறந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு தமிழர் அந்த இருட்டுக்குள் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருந்த அந்தச் சந்தோசத்தை எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். துப்பறிகிறவர் தேடித் தேடி ஒரு சின்னத் துறைமுக ஊருக்குப் போகிறார். அங்கே ஒரு பேக்கரியில் அந்த மகன் வேறொரு பேரோடு பாண் போட்டுக்கொண்டு இருக்கிறான். இவர் தான் யார் என்று சொல்லுவதில்லை. ஒரு பாண் வாங்குகிறார். காசைக் கொடுக்கும்போது மட்டும், "அம்மா கேட்டவ" என்று மெதுவாகச் சொல்லுகிறார். அவன் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுகிறான். இவர் ரெயினில் வருகிறார். பசி தாங்காமல் பாதிப் பாணைச் சாப்பிட்டுவிடுகிறார். தாயிடம் வந்து, மிச்ச அரைப் பாணை மேசையில் வைக்கிறார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. தாய் அந்தப் பாணை எடுத்து மணந்து பார்க்கிறா. பிறகு ஒரு துண்டு பிய்த்து இவருக்கும் கொடுக்கிறா. இவர் ஏற்கெனவே சாப்பிட்டதைச் சொல்லாமல் அதையும் வாங்கிச் சாப்பிடுகிறார். படம் முடிந்தது.

"ஏன் அவனைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை லைற் போட்ட பிறகும் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இருக்கிறான் எண்டு தெரிஞ்சால் போதும் அண்ணை" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சொல்லுங்கோ. ஏன் பின்னாலை வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. போன் வந்ததையும், அது சொன்னதையும், ஓவர்ரைம் பொய் என்று கண்டதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டு முடிய, "பிள்ளையும் இருக்காமோ?" என்றார். "பெடியனோ, பெட்டையோ? அதையும் கேட்டிருக்கலாமே."

"பகிடி விடாதையும் தம்பி. எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை."

"வாங்கோ, வெள்ளைக்காரியைக் காட்டுறன்."

வெளியே வாசலில் அந்த ரிக்கற் மனுசி ஒரு ஏணியைச் சாத்திக்கொண்டு நின்றா. தியேட்டர் முகப்பில் படத்தின் பேரைப் பெரிய எழுத்துகளில் மாட்டியிருப்பார்கள் அல்லவா. திங்கட்கிழமைக்குப் புதுப் படம், அதனால் ஞாயிறு பின்னேரம் எழுத்து மாற்ற வேண்டும். அந்த மனுசிக்கு முழங்கால் வருத்தம், ஏணியில் ஏறமுடியாது. மாப்பிள்ளை ஏறி எழுத்துகளைக் கழற்றிக் கொடுக்க, அவ புதிய எழுத்துகளை எடுத்துக் கொடுத்தா. அதற்காகத்தான் அவருக்கு ரிக்கற் இல்லாமல் படம். கொஞ்சத்தில் மேலே படம் ஓட்டுகிறவர் இறங்கி வந்து அந்த மனுசியின் தோளில் கையைப் போட்டார். அது அவவின் புருசன். தாடிக்காரர், நல்ல மனிதர். என்னைக் காட்டி மாப்பிள்ளை ஏதோ சொன்னார். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்னனீர்?"

"என்ரை அண்ணர் எண்டு சொன்னன். வேறை எப்பிடிச் சொல்லுறது?"

ஏணியைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அந்த மனுசி எனக்குப் பக்கத்தில் நின்று எழுத்துப் பெட்டியைக் கிண்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதைத்தா. எனக்கு விளங்கவில்லை, நானும் சிரித்தேன். அந்த நேரம் ஒரு ஸ்ரீட்கார் மெதுவாகப் போனது. மாப்பிள்ளை மேலே இருந்து, "அண்ணை, கவனம், ஸ்ரீட்காரிலை தமிழாக்கள் இருந்தால் உங்களுக்கும் ஒரு குடும்பம் வந்திடும்" என்றார். அந்தத் தெருவில் நின்று நான் சிரித்த சிரிப்பு, கனடாவுக்கு வந்த நாளில் இருந்து அடக்கி வைத்த எல்லாம் சேர்ந்து வந்ததுபோல இருந்தது. முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லியது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி எறிந்ததுபோல இருந்தது.

திரும்பி வரும் வழியில், "படம் பாக்கப் போறன் எண்டு அறைப் பெடியளுக்குச் சொன்னால் என்ன? ஏன் ஓவர்ரைம் எண்டு பொய்?" என்று கேட்டேன்.

"ஊர் கிடக்கிற கிடையிலை இவர் இங்கிலீஷ் படம் பாக்கிறார் எண்டு சொல்லுவினம் அண்ணை. அது பரவாயில்லை. ஏன் பாக்கிறாய் எண்டு கேப்பாங்கள். அதுக்குத்தான் எனக்கு மறுமொழி சொல்லேலாது."

அப்போதுதான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். கோயிலில் சந்தித்தபோது தாய்மாமன் அவருக்கு ஒரு அண்ணன் இருந்ததைப் பற்றிக் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாள் காலை சந்தைக்கென்று சைக்கிளில் போனவர். சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தாய் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறா. சனம் பயத்தில் கதவைச் சாத்தியிருக்கிறது.

"கேக்கிறதுக்கு ஆள் இல்லை அண்ணை. கேட்டால் கேட்ட ஆளுக்கும் கரைச்சல். இஞ்சை வந்து வேலை தேடித் திரிஞ்ச காலத்திலை, குளிருக்கு ஒதுங்கத்தான் இந்தத் தியேட்டருக்குள்ளை போனனான். இப்பிடி ஒரு துப்பறியிற படம் ஓடிச்சுது. ஒருத்தன் காணாமப் போனா, அவனைத் தேடுறதே தொழிலா ஒருத்தன் வாறான். கதவைத் தட்டுறான். அவனுக்குப் பயமும் இருக்கு, தும்மலும் இருக்கு, ஆனா தட்டுறதை விடுறானில்லை. எனக்கு அது போதும். இண்டைக்குப் பாத்த படம் போன மாசமும் போட்டவை. நான் திரும்ப வந்தது அந்தப் பாணுக்காகத்தான்."

பையில் மிஞ்சியிருந்த கச்சானை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இறங்கும்போது அவர் சொன்னார், "உங்கடை தங்கச்சிக்கு இதை நானே சொல்லோணும் எண்டு இருந்தனான். என்னாலை சொல்லி முடிக்கேலாது. நீங்களே சொல்லிவிடுங்கோ. ஒண்டையும் மறைக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்தபோது தங்கை குசினியில் பயத்தங்காய் முறித்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இருக்கோ, இல்லையோ?"

"இல்லை. ஒரு குடும்பமும் இல்லை."

அவள் கையில் இருந்ததை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவளுடைய தோள் இரண்டும் இறங்கியதை நான் கண்டேன்.

மனைவி அடுப்படியில் நின்று, "நான் அப்பவே சொன்னனானெல்லே, நல்ல பெடியன் எண்டு" என்றா.

"நீ எப்ப சொன்னனீ?"

"மனசுக்குள்ளை சொன்னனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் பிடித்ததையும், தும்மலையும், ஏணியையும் சொல்ல இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அண்ணனின் கதையைச் சொன்னேன். தங்கை கேட்டாள், "அந்தத் தாய் பாணைச் சாப்பிட்டவவோ?"

"மணந்து பாத்தவ. பேந்து பிச்சு அந்த மனிசனுக்கும் குடுத்தவ."

தங்கை எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, அவையின்ரை மாமாவுக்குப் போன் எடுத்து ஓம் எண்டு சொல்லுங்கோ. அவரிட்டையும் ஒண்டு சொல்லுங்கோ. அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போகட்டாம். உந்தப் படத்தைத் தனிய இருந்து பாக்கக் கூடாது."

ஆவணியில் கோயிலில் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இரண்டு பேரும் அங்கே போவார்கள். வேலை இல்லாத ஞாயிறுகளில் நானும் போயிருக்கிறேன். சுடுகிற படம், வெட்டுகிற படம் எல்லாம் பார்த்தோம். அந்தத் தும்மல்காரரைப்போல ஒருவர் எனக்குப் பிறகு அமையவில்லை. ஏன் அவர் மனதில் நிற்கிறார் என்று யோசித்திருக்கிறேன். வீடு வீடாகப் போய், கொடுத்ததை உண்டு, சொன்னதைக் கேட்டு, ஒருவரையும் குற்றம் பிடிக்காமல் நடந்து திரிகிற அந்த மனிதரை நான் ஒரு அடியாரைப் போலத்தான் பார்த்தேன். பெரிய கெட்டிக்காரர் இல்லை. இரக்கம் உள்ளவர். அதனால்தான் அவருக்கு ஆள் அகப்பட்டது என்று எனக்குப் படுகிறது.

அந்தப் போன் கதை எப்படி வந்தது என்பதும் பிறகு தெரியவந்தது. ஸ்ரீட்காரில் போன ஒருவர், மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரியோடு தியேட்டர் வாசலில் நின்று சிரித்ததைக் கண்டு, கண்டதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர் அதைக் குடும்பமாக்கினார். அவரிடம் கேட்டவரின் வாயில் பிள்ளை பிறந்தது. எனக்குப் போன் எடுத்தவர் யார் என்றும் தெரியும். கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. கலியாணத்துக்கும் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

அண்மையில் ஒரு கலியாண மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், நான் யார் என்று தெரியாமல், இந்தக் கதையை எனக்கே சொன்னார். அவருடைய கதையில் பெண்ணின் தமையன் தியேட்டருக்குள் மாப்பிள்ளையைப் பிடித்து அடித்தாராம். வெள்ளைக்காரிக்கு இரண்டு பிள்ளைகளாம். பொலிஸ் வந்ததாம். அந்தப் பெண் இன்னும் கலியாணம் கட்டவில்லையாம். எனக்கு மற்றப் பக்கத்துக் கதிரைகளில் தங்கையும் கணவரும் இருந்து பாயாசம் குடித்துக்கொண்டு இருந்தார்கள். தங்கைதான் வீட்டுக்கு வந்து, "அண்ணா, இனி எழுதத்தான் வேணும்" என்றாள்.

எழுதிவிட்டேன். வாசிக்கிறவர்கள் இதைத் தங்கள் வீட்டிலும் சிநேகிதரிடமும் தாராளமாகச் சொல்லுங்கள். குறிப்பாக, பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இடம் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடுகூட ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாப்பிள்ளையின் அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கேட்கிறவர்கள் ஆறுதலோடு எழும்பிப் போகட்டும் என்று நினைத்து, நீங்கள் சொல்லும்போது அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.